புதிய வீதியில் ஒடியல்

சந்தைச் சந்தியின் நெரிசலைக் குறைக்கப் போட்ட புதிய வீதி, இன்னும் திறக்கப்படாமல், கோப்பாய்த் தோட்டங்களுக்கு நடுவே கறுப்பாக மினுங்கிக் கிடக்கிறது. பஸ் ஓடாத தார் வீதியை யார் சும்மா விடுவார்கள்? பனங்கிழங்கைப் பிளந்து ஊரே அதில் ஒடியல் காயவைக்கிறது. சரிந்த வெயிலில் நான் என் ஒடியலைச் சாக்குகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணை மெல்ல நடந்து வருகிறார். பின்னால் அவர் மனைவி பூரணம், அவருக்கு வியர்வை துடைக்கக் கையில் துவாயோடு. போன மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, வழிமறித்த தார்ப் பீப்பாய்களை உருட்டிவிட்டு அம்புலன்ஸ் இந்த வீதியால்தான் பறந்தது. இந்த வீதி இல்லாத முந்தின வருடம் என் கணவரை ஏற்றிய அம்புலன்ஸ், சந்தியில் லொறிகளுக்கு நடுவே கூவிக் கூவி நின்றது. அதற்குள்ளேயே அவர் உயிர் போய்விட்டது. “இஞ்சேருங்கோ, கெதியா நடக்காதேங்கோ எண்டெல்லே சொன்னனான்!” பூரணம் அதட்டுகிறாள். “இருந்தால் நட எண்டுவாய், நடந்தால் இரு எண்டுவாய்.” அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு என்னிடம் வந்து சேருமுன், சுருட்டிய சாக்குகளை வீதிக்குக் குறுக்கே திரும்பவும் விரிக்கிறேன். அவர்கள் இந்தப் பக்கம் நடக்க வேண்டாம். “என்னக்கா, பொழுதுபடுற நேரமே காயப்போடுறியள்?” என்கிறாள் பூரணம். அண்ணை குனிந்து, ஈரப் பக்கம் மேலே வர, என் ஒடியலை ஒவ்வொன்றாகப் புரட்டிவிடுகிறார். “ஐயோ, குனியாதேங்கோ!” என்று அவள் கத்துகிறாள். அதே அதட்டல் என் தொண்டையிலும் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.