போதும்

ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பவள் அவள். பரிசோதனைக்காகத் தன் கையிலிருந்தே ஒரு துணுக்குத் தோலை எடுத்துத் தட்டில் வளர்த்துவந்தாள். தட்டு நிறைந்தால் தோல் செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இவையோ ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி, பிரிந்துகொண்டே இருந்தன.

"சனியன்களா, போதும்! நிறுத்தித் தொலைங்க!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் எல்லாம் நின்றிருந்தன. செத்திருந்தால் தூக்கிக் கொட்டியிருப்பாள், உயிரோடுதான் இருந்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை. சத்துநீரை மாற்றினாள், சூட்டைக் கூட்டிக் குறைத்தாள். ம்ஹூம்.

"என்னம்மா பண்ணே அதுங்களை?" என்றார் தலைமை ஆய்வாளர்.

"திட்டினேன் சார். வேற ஒண்ணும் பண்ணல."

வாரம் ஒன்று போனது. சமையலறையில் அக்கா அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "காய் நறுக்கறப்போ பட்டது இன்னுமா ஆறல? இப்பதான் வெட்டின மாதிரி இருக்கு. நகம்கூட வளரலையேடி!"

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே போய், தட்டை வெளியே எடுத்து அதன்மேல் குனிந்தாள்.

"ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். போதாது. கேக்குதா? போதாது."

தட்டைப் பிடித்திருந்த விரலில் வெட்டு வாய் பிளந்தபடியே இருந்தது.