வெட்டுப்பட்ட பத்திரிகை

“வாரா வாரம் ஒரு துண்டை வெட்டிட்டுத்தான் வீட்டுல போடுறீங்களா?”

ஆயர் ஈத்தாம் ஊர்க் கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க, வீடு வீடாகப் பத்திரிகை போடும் கிழவர் ருக்னுதீனிடம் கத்தினார் ஜவுளிக்கடை மீரா சாகிபு. கிழவர் வாயே திறக்கவில்லை. அதனால் சாகிபுவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அவரை நிறுத்திவிட்டு, நாணயமானவர் என்று பெயரெடுத்த அர்ச்சுனனிடம் பத்திரிகை போடச் சொன்னார். அந்த வாரமும் நடுப்பக்கத்தில் ஓட்டை.

உள்ளே போனார். மனைவி ஜொஹரா கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

“நான் எழுதுன கதைங்க. பேரைப் பார்த்தா அடிப்பீங்கன்னு வெட்டிடுவேன்.”

“ருக்னு பாய்க்குத் தெரியுமா?”

“நான் எழுதுறதை அவருதான் தபால்ல சேர்ப்பாரு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்தாரு.”

சாகிபுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கிழவரிடம் கடைத்தெருவிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம். அடிக்குப் பயந்து நிற்கிற இவளிடம் என்ன சொல்வது?