இரண்டாவது ஸ்லைடு

உலகத்தீரே, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்! எங்கள் பொருளாதாரத் துறைத் தலைவரின் கேள்விகளைத் தாண்டி, ஆய்வுரை நிகழ்த்த வந்த விருந்தினர் ஒருவர்கூட இரண்டாவது ஸ்லைடைக் கடந்ததில்லை.

இன்று பேச வந்தவர், காலியாக இருந்த பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தவர். எத்தனை முறை குறுக்கிட்டாலும் சிரித்தார். தலைவருக்குச் சந்தேகம் தட்டியது.

"எதையோ மறைக்கிறீங்க. அடுத்த ஸ்லைடுல என்ன?"

"ஆராய்ச்சியோட முடிவே அங்கதான் சார். போகட்டுமா?"

"அவசரப்படாதீங்க! இந்தக் கோடு ஏன் வளையுது, அதைச் சொல்லுங்க முதல்ல."

இரண்டாவது ஸ்லைடின் வளைந்த கோட்டிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடி, உரை முடிந்துவிட்டது. இத்தனை கேள்வியைத் தாங்கியவர் லேசுப்பட்டவர் இல்லை என்று தலைவர் அவரை வேலைக்கு எடுக்கக் கையெழுத்திட்டார்.

ஆனாலும் சந்தேகம் அரித்தது. ஆள் போனதும் மேடைக் கணினியில் மூன்றாவது ஸ்லைடைத் தட்டிப் பார்த்தார்.

'நன்றி' என்று இருந்தது. அதோடு கோப்பு முடிந்தது.