வெங்காயப் படம் போட்ட செயலி

வீடியோ நூற்றுக்கு நாற்பத்தொரு வீதத்தில் நின்றது.

றுக்கியா போனைச் சமையலறை ஜன்னல் கட்டின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். வீட்டில் சிக்னல் ஒழுங்காகப் பிடிக்கும் இடம் அது ஒன்றுதான். போன் அணையக் கூடாது. செயலியை மூடவும் கூடாது. மூடினால் அந்தப் பக்கம் வீடியோவை இறக்கிக்கொண்டிருப்பவருக்குப் பாதி வழியில் அறுந்துபோகும்.

அந்தப் பக்கம் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

முன் விறாந்தையில் அவளுடைய கணவன் இஸ்ஸதீன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தான். போனும் கையுமாக. பகல் சாப்பாட்டுக்கு வந்தால் இரண்டு மணிவரை அப்படித்தான், கூப்பிட்டாலும் காதில் விழாது.

அவன் இறால் பண்ணையில் மோட்டார் பார்ப்பவன். நோய் விழுந்த குட்டையின் தண்ணீரை, போட்ட மருந்தோடு சேர்த்துக் கடலோரக் களப்புக்குள் திறந்துவிடுவது அவன்தான். முதலாளி சொல்வார், அவன் திறப்பான்.

மூன்று மாதமாகக் களப்பில் மீன் செத்து மிதந்தது. றுக்கியாவின் தம்பி றஸ்மி வலையை மடித்து வைத்துவிட்டான். தம்பியின் சோறு களப்பில், புருஷனின் சோறு பண்ணையில். அவள் இரண்டுக்கும் நடுவில்.

பள்ளிவாசல்துறை மீனவர் கிளைட்டன் செத்த மீனைப் படம் பிடித்துத் தன் சொந்தப் பேரில் பேஸ்புக்கில் போட்டார். மறுநாள் விடியும்போது அவருடைய படகின் எஞ்சின் கிணற்றுக்குள் கிடந்தது. அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூடாதது 'களப்புச் செய்தி' என்ற பக்கம் ஒன்றுதான். நடத்துவது யார் என்று யாருக்கும் தெரியாது. வீடியோ அனுப்பும் விதத்தைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் அதில் விளக்கியிருந்தார்கள். வெங்காயப் படம் போட்ட செயலியை இறக்குங்கள். உங்கள் தொடர்பு மூன்று நாடு சுற்றி வரும், எங்கிருந்து என்று எங்களுக்கே தெரியாது. வீடியோ உங்கள் போனில்தான் இருக்கும். நாங்கள் அங்கிருந்து ஒரு தடவை இறக்கி எடுத்ததும் வழி தானாக மூடிவிடும். மெதுவாகத்தான் போகும், அதுவரை ஒரு பிளேன்டீ குடியுங்கள்.

பதினெட்டு வருடமாக வெங்காயம் வெட்டுகிறவள். இந்த வெங்காயத்தைத் தொடத்தான் பயந்தாள்.

போன மாதம் ஒரு நாள் இஸ்ஸதீன் அவள் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். சமையல் குறிப்பு என்றாள். அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு நல்லது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான். ஆம்பிளைக்குச் சமையல் என்றால் அவ்வளவுதான் விளங்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று காலையில் பொய்ப் பேரில் திறந்த கணக்கிலிருந்து அந்தப் பக்கத்துக்கு, செயலி தந்த வீடியோவின் முகவரியை அனுப்பினாள். பகல் ஒன்றரைக்கு எடுப்போம் என்று பதில் வந்தது. புருஷன் வீட்டில் இருக்கும் நேரம். வேறு நேரம் கேட்கலாம்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அறுபத்தெட்டு.

வீடியோ நாற்பது செக்கன். போன செவ்வாய்க்கிழமை பண்ணைக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனபோது கண்டல் மர மறைவில் நின்று எடுத்தது. மோட்டார் ஓடுகிறது. குழாயிலிருந்து கறுத்த தண்ணீர் களப்பில் விழுகிறது. பக்கத்தில் ஒருவன் நிற்கிறான்.

படத்தில் அவனை முழங்காலுக்கு மேல் வெட்டியிருந்தாள். தெரிவது நீல நிற இறப்பர் பூட்ஸ் மட்டும், பண்ணையில் எல்லோரும் போடுவது. எடுத்த இடம், நேரம், போனின் பேர் எல்லாவற்றையும் அழித்திருந்தாள். நாலு தடவை ஓடவிட்டுச் சரிபார்த்தாள். இஸ்ஸதீனின் காதில் விழக் கூடாது என்று நாலு தடவையும் சத்தத்தை அடைத்துவைத்துத்தான் பார்த்தாள்.

தண்ணீர் திறப்பது வெளியே வர வேண்டும், திறந்தவன் மாட்டக் கூடாது. அவன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அவனுக்காகப் பயம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

தொண்ணூற்றாறு.

நூறு. ஒருவர் எடுத்துவிட்டார், பகிர்வு நிறுத்தப்பட்டது என்று திரை சொன்னது.

அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டாள். அடுப்பிலிருந்த கேத்தல் கொதிக்கத் தொடங்கியது.

முன் விறாந்தையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மெல்ல, மூச்சோடு மூச்சாக.

பிஸ்மில்லாஹ்.

அடுப்பு மூட்ட, மீன் வெட்ட, பஸ் ஏற, எதைத் தொடங்கினாலும் அவளை அறியாமல் வாயில் வருவது. வீடியோ எடுக்கத் தொடங்கியபோதும் வந்திருக்கிறது. அவளுடைய குரலேதான்.

அடுத்து மோட்டார் சத்தம். பண்ணையில் இப்போது மோட்டார் ஓட வழியில்லை. ஓட்டுகிறவன் விறாந்தையில் இருக்கிறான்.

நாற்பது செக்கனும் ஓடி முடிந்தது. மூன்று நாடு சுற்றிய வீடியோ சமையலறையிலிருந்து விறாந்தைக்குப் போயிருந்தது. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. றுக்கியா ஜன்னல் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இஸ்ஸதீன் உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. கொதித்து வழிந்த கேத்தலை இறக்கி வைத்தான். இரண்டு கோப்பைகளை எடுத்தான்.

"முன்னுக்கு ரெண்டு செக்கன வெட்டிட்டுத்தான் களப்புச் செய்திப் பக்கத்துல போடுவன்," என்றான். "உன்ட பிஸ்மி கேக்குது."