காதுமடிச்சான்

"லிஃப்ட் மேகத்துக்குள்ள போய் நின்னுடுச்சு. கதவு திறக்கலை. அப்போ நம்ம காதுமடிச்சான் என்ன பண்ணுச்சுன்னா..."

"ஏங்க, கதையை நிறுத்துங்க" என்றாள் மனைவி. "கீழ்வீட்டம்மா நம்ம ஜன்னலையே முறைச்சுப் பார்க்குறாங்க."

கணவன் எழுந்து எட்டிப் பார்த்தான். ஒரு மாடி கீழே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் நாற்காலி போட்டு அந்த அம்மாள். மடியில் சாம்பல் நிற உல்லன் நூல்கண்டு, கையில் இரண்டு பின்னல் ஊசி. இவன் தலை தெரிந்ததும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். வேலை வீட்டிலேயே. ஒருநாள் படிக்கட்டில் ஒட்டியிருந்த 'நாளை தண்ணிர் வராது' என்ற அறிவிப்பைக்கூடச் சிவப்புப் பேனாவால் சரிசெய்துவிட்டுத்தான் மேலே ஏறினாள். அன்றிலிருந்து குடியிருப்பில் அவளுக்குப் பெயரே சிவப்புப் பேனா. பேசினால் பேச்சிலும் பிழை பார்ப்பாளோ என்று யாரும் அண்டுவதில்லை.

"நம்ம சத்தம் அவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்போல" என்றாள் மனைவி.

"கதை சொல்றது ஒரு சத்தமா?"

"நீங்க எங்கே சொல்றீங்க? கூப்பாடு போடுறீங்க."

அது உண்மைதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே இருப்பவனிடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. சாயங்காலம் வந்து கைக் கிரீஸைக் கழுவிவிட்டு, ஜன்னலை ஒட்டிய கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவான். அவள் வயிற்றைப் பார்த்துக் கதை சொல்வான், உள்ளே இருப்பதற்குக் காது மந்தம் என்பதுபோல.

அவளுக்கு இது எட்டாம் மாதம். முதல் இரண்டு முறை பிள்ளை கைக்கு வராமலே போய்விட்டதால், இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. பிள்ளைக்கென்று வீட்டில் ஒரு துண்டுத் துணி இல்லை. எதுவும் வாங்க வேண்டாம், பெயர்கூட யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கதைக்கு மட்டும்தான் அவள் தடை போடவில்லை.

காதுமடிச்சான் ஒரு குட்டி யானை. ஒரு காதை மடித்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கும். தூக்கத்திலேயே நடந்துபோய் லிஃப்டில் ஏறிவிடும். ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பத்தாவது மாடியில் போய் நிற்கும். கதவு திறந்தால் வெளியே தரை இருக்காது, மேகம் இருக்கும். யானை கால் வைத்ததும் மெத்தைபோல அமுங்கும். அமுங்கின இடத்தில் மூக்கை நுழைத்துப் பார்த்தால் ஊரே உள்ளங்கை அளவுக்குத் தெரியும்.

கேட்கக் கேட்க அவளுக்குக் கண் சொக்கும். கட்டிலும் கயிறு தெரியாமல் மெதுவாக மேலே போவதுபோல இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் பயம் கீழேயே நின்றுவிடும்.

அன்று ஜன்னலைச் சாத்தினார்கள். அதோடு கதையும் நின்றுபோனது.

"படுத்தே கிடக்கிறேனில்ல, தினமும் பார்க்குறேன்" என்றாள். "நீங்க ஆரம்பிச்சதும் வந்து உட்காருவாங்க. வரிசை வரிசையாப் பின்னுவாங்க. திடீர்னு கையை நிறுத்தி மேலே ஒரு முறை முறைப்பாங்க. அப்புறம் பின்னுனதை எல்லாம் சர்ருனு உருவிப் போட்டுடுவாங்க. நம்ம மேல இருக்கிற கோபம், பாவம், அந்த நூல் மேல."

"விடு."

"இத்தனை மாசமாக் கிடக்கிறேன். எப்படிம்மா இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லையே."

மறுநாளும் ஜன்னல் திறக்கவில்லை. அவன் குரலை அடக்கிக் கதை சொல்லிப் பார்த்தான். யானைக்குச் சளி பிடித்ததுபோல இருந்தது. விட்டுவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சிவப்புப் பேனா. கையில் ஒரு துணிப்பை, முகத்தில் கடுகடுப்பு.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்று அவன் முந்திக்கொண்டான். "இப்பல்லாம் ஜன்னலைச் சாத்திடுறோம். சத்தமே வராது."

"அதைக் கேட்கத்தான் வந்தேன். ரெண்டு நாளா ஒண்ணுமே காதுல விழலை."

அவனுக்கு விளங்கவில்லை.

"திங்கக்கிழமை லிஃப்ட் மேகத்துல நின்னுச்சு, கதவு திறக்கலைன்னீங்க. அப்படியே விட்டுட்டா என்ன அர்த்தம்?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தாள். கட்டிலருகே வந்து நின்று பையைத் திறந்தாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு தொப்பியை எடுத்து மனைவியின் பக்கத்தில் வைத்தாள். சாம்பல் நிறத்தில் குட்டித் தும்பிக்கை. மூடின கண்கள் இரண்டு. காது இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"முதல் நாள் இடது காதை மடிச்சுத் தூங்குச்சுன்னீங்க. அடுத்த வாரம் வலதுன்னீங்க. ஒருநாள் ரெண்டையும் மடிச்சிட்டீங்க. நானும் நாலு தடவை பிரிச்சுப் பின்னியாச்சு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க தம்பி. பிறக்கிற பிள்ளைக்கு எந்தக் காதை மடிச்சு விடுறது?"

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

மனைவி தொப்பியை எடுத்தாள். தொடலாமா என்று யோசிக்கிறவள்போல முதலில் விரல் நுனியால் தடவினாள். பிறகு மெதுவாகத் தன் கை முஷ்டிக்கு மாட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இடது காது, அக்கா" என்றாள் கடைசியில். "அப்புறம், தலையை இன்னும் கொஞ்சம் தாராளமா எடுங்க. பிள்ளைக்கு இவர் தலை மாதிரி வந்துட்டா?"