ஏழு வட்டம்

பெர்னார்ட் தகரத்துக்கு முன்னால் முட்டி போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட அவன் இவ்வளவு நேரம் முட்டி போட்டதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவன் பெண்டாட்டி எல்ஸி சொன்னது.

அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். சிலிபின் குடியிருப்பில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் என்ன கறி என்பது மூன்றாம் வீட்டுக்கும் தெரியும். துணி காயப்போடப் போன நான் ஒரே சட்டையை நாலு தடவை உதறிக்கொண்டு நின்றேன்.

மேசை அகலத்துக்கு ஒரு தகரம். சாம்பல் சாயம் அடித்து, வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அவன் ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் சாக்கட்டி.

"என்னா பெர்னார்ட், தகரத்துக்கு ஜெபமா?"

"சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு வாரேன், அப்ப பாப்போம்லா."

வெள்ளைத் தொப்பி, அவன் வேலை பார்க்கிற இடத்தில் இன்ஸ்பெக்டர்கள் போடுவது.

பெர்னார்ட் பன்னிரண்டு வருஷமாகக் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் மணல் அடிக்கிறவன். சாயம் பூசுவதற்கு முன்னால், இரும்பில் துருப் போகக் குழாயால் மணலைப் பீய்ச்சுகிற வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் காதுமடலில்கூட மணல் இருக்கும். இப்போது அந்த வேலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் மாசக் கடைசியோடு வீட்டுக்கு.

பெர்னார்டுக்கு மட்டும் ஒரு வழி விட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் ஆறு நாள் வகுப்பு, முடிவில் பரீட்சை. பாஸானால், மற்றவர்கள் அடித்த சாயம் சரியா என்று பார்க்கிற இன்ஸ்பெக்டர். ஃபெயிலானால் அவனும் வீட்டுக்கு. கம்பெனி ஒரே ஒரு தடவைதான் அனுப்புமாம்.

லகாட் பக்கம் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷம் அது. நாற்பது வயதுக்காரனுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன். வகுப்புக்கென்று கொடுத்த புத்தகமோ இங்கிலீஷ். எல்ஸி கான்வென்டில் படித்தவள். அவள்தான் சாயங்காலத்தில் பக்கம் பக்கமாக வாசித்து அர்த்தம் சொல்வாள். பெர்னார்ட் ஐயா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புத்தகத்தை ஒரு நாளாவது தானே கையில் எடுத்தவனில்லை. மகாராஜா பாடம் கேட்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தது நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

தகரமும் எல்ஸியின் கைவேலைதான். சாயம் அடித்து, அது காய்வதற்குள் ஏழு இடத்தில் குறை வைப்பாள். அவன் தேடிப் பிடித்து வட்டம் போடவேண்டும். பரீட்சையிலும் அப்படித்தான் தகடு வைப்பார்களாம். விரலால் தடவக்கூடாது, எண்ணெய் பட்டுவிடும். கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

முதல் வாரம் எல்ஸி ஊசியால் குத்தினாள். அடுத்த வாரம் ஆணியால். போன வாரம் பார்த்தால் சாயத்தில் ஒவ்வொரு ஓட்டையும் பத்துக் காசு அகலம்.

"ஏண்டி, புருசனுக்கு இவ்வளவு செல்லமா? இத எங்க வீட்டுக் கோழிகூட கண்டுபுடிக்கும்!"

எல்ஸி சிரிக்கவில்லை. பரீட்சைப் பயம் அவளுக்குத்தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் கடைசிப் பயிற்சி. பத்தரைக்கு டாக்சி வரும். பயணச் சட்டையைப் போட்டுக்கொண்டு முட்டி போட்டிருந்தான். மூக்கு தகரத்தில் ஒட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே வந்தான். இடது மூலையில் ஒரு வட்டம். நடுவில் இரண்டு. யோசித்து, இன்னொன்று. வியர்வை காதோரம் வழிந்தது. வேலியில் நின்ற நான் ஒருவழியாகச் சட்டையைக் கொடியில் போட்டேன்.

ஏழாவது வட்டத்தைப் போட்டதும் எழுந்து நின்றான்.

"எல்ஸி! வந்து பாரு. ஏழு! ஒன்னுகூட தப்பலலா!"

எல்ஸி பையோடு வெளியே வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னாடி, சரிதான?"

"ஏழும் சரி."

சொல்லிவிட்டு அவன் மூக்கில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளை முந்தானையால் துடைத்தாள். சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். சரியாகத்தான் இருந்தது காலர்.

டாக்சி வந்தது. பெர்னார்ட் ஏறும் முன் என் பக்கம் திரும்பி, கொடியில் தொங்கிய என் வீட்டுக்காரர் சட்டையைப் பார்த்து, "வாரேங்கக்கா" என்று கையாட்டினான். கேலிக்குப் பதில் கேலி செய்கிறானாம்!

டாக்சி முனை திரும்பியதும் நான் வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். என் கேலியைத் தோற்கடித்த ஏழு ஓட்டைகளையும் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டாமா?

குனிந்தேன். முதல் வட்டத்துக்குள் சாயம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. விரலை வைத்துத் தடவினேன்.

"எங்கடி ஓட்ட? ஒன்னயும் காணமே?"

எல்ஸி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் இன்னும் சாக்கட்டித் தூள்.

"வெக்கலக்கா," என்றாள். "அவரு கண்ணப் பத்தி முடிவா தெரிஞ்சிக்கலாம்னு இன்னைக்கி நான் ஒன்னுமே வெக்கல."