நோன்புப் பகலில் சோறு

ரமழான் பதினோராம் நோன்பு. பகல் பன்னிரண்டரை மணி. ஃபாஸில் வாய் நிறையச் சோற்றை மென்றுகொண்டிருந்தான்.

ஒளித்தும் மறைத்தும் இல்லை. ஆஸ்பத்திரி வாட்டில், நாலு பேர் பார்க்க! பக்கத்தில் அவன் மனைவி பஸ்லினா. அவள் வாயிலும் சோறு.

வாசலில் முகக்கவசத்தோடு நின்ற ஜவாஹிர் ஹாஜியாருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஃபாஸிலின் மூத்த நானா அவர். ஊர்ப் பள்ளிவாசலின் தலைவர். நோன்பு மாதத்தில் தேநீர்க் கடைத் திரை கொஞ்சம் விலகியிருந்தாலே உள்ளே புகுந்து ஏசுகிற மனுஷன்.

தம்பி மகள் ஷஹ்மாவுக்கு இரத்தப் புற்றுநோய். ஒன்பது மாதமாக வைத்தியம் நடக்கிறது. நோன்பு தொடங்கியதிலிருந்து வந்து பார்க்கவில்லையே என்று, கண்டி டவுனில் இருக்கிற தன் புடவைக் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். வந்த இடத்தில் இந்தக் கோலம்!

நானாவைக் கண்டதும் ஃபாஸில் எழுந்து வெளியே வந்தான்.

"வெக்கம் இல்லியாடா ஒனக்கு? பள்ளித் தலைவர்ட தம்பி நோன்புப் பகல்ல சோறு திங்கிறான்! நான் எப்பிடிடா ஆக்கள்ட மொகத்துல முழிக்கிற?"

"மெதுவா நானா. புள்ளைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! வாப்பாட லெட்சணம் தெரியட்டும்! அவளுக்குச் சுகம் கேட்டு ஊரே பள்ளியில அழுவுது. நீ இங்க வயித்த நெரப்புற. அல்லாஹ் எப்பிடிடா ஒன்ட துஆவக் கேப்பான்?"

அந்த வார்த்தை ஃபாஸிலைச் சுட்டது.

"நானா, முதல் நோன்பன்னைக்குத் தன்ட உம்மா பகல் சாப்பிடல்லங்கிறத ஷஹ்மா பாத்துட்டா. அவ்வளவுதான். தானும் நோன்புன்னு வாய மூடிக்கிட்டா. சோறும் இல்ல, தண்ணியும் இல்ல. ரெண்டு நாள் மருந்துக் குளிசையையும் துப்பித் தலகாணிக்குக் கீழ ஒளிச்சி வெச்சிட்டா."

"நோயாளிக்கு நோன்பு கடமையில்லன்னு சொல்றதுதானே?"

"சொல்லாம இருப்போமா? கெஞ்சினோம், ஏசினோம். பஸ்லினா அடிக்கக் கூட கை ஓங்கிட்டா. 'நோன்பு புடிச்சிக் கேட்டா அல்லாஹ் கட்டாயம் தருவான், பெரியவாப்பாதான் மதரஸாவுல சொன்னாங்க'ன்னு ஒரே புடியா நிக்கிறா."

ஹாஜியாரின் குரல் தணிந்தது. "என்னத்தக் கேக்கப் போறாளாம்?"

"உம்மா அழக் கூடாதாம்."

ஹாஜியார் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"இந்தக் குளிசை தவறி நோய் திரும்பிச்சுன்னா தன்னால ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு டொக்டர் மொகத்துக்கு நேரா சொல்லிட்டார். அதான் நானா, பொய் சொன்னோம். உம்மா புடிச்சது கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு, ரமழான் பிறை இன்னும் தெரியல்லன்னு. அவ லேசுல நம்புறாளா? நாங்க திங்கிறத கண்ணால பாத்தாத்தான் அவ வாயத் தொறக்கிறா."

ஃபாஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு மறுமையில கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். என்ட புள்ளைய மண்ணுக்குக் குடுக்க மட்டும் என்னால ஏலா நானா."

அதற்குள் உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது.

"பெரியவாப்பா!"

ஹாஜியார் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். ஏழு வயதுப் பிள்ளை. தலையில் ஒரு முடிகூட இல்லை. முகம் மட்டும் ஊதியிருந்தது, கை கால் எல்லாம் குச்சி.

"பெரியவாப்பா, ஒங்ககிட்டத்தான் கேக்கணும். நீங்கதானே பள்ளி மைக்ல அறிவிக்கிற. ரமழான் பிறை தெரிஞ்சிச்சா?"

பஸ்லினாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் உள்ளங்கையில் இன்றைய குளிசை இரண்டு. ஃபாஸில் தரையைப் பார்த்தான்.

பதினொரு நாளைக்கு முன்னால் அந்த மைக்கில் பிறையை அறிவித்ததே ஹாஜியார்தான்.

"இல்ல மகள்," என்றார். "ஒரே மேகம். இன்னும் தெரியல்ல."

ஷஹ்மா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு வேறொரு கரண்டியை எடுத்து, பெட்டியிலிருந்து சோற்றை அள்ளி நீட்டினாள்.

"அப்ப நீங்களும் நோன்பில்லியே. தின்னுங்க பாப்பம்."

"நானா, வேணாம்..." என்று பதறினான் ஃபாஸில்.

பத்து வயதிலிருந்து ஒரு நோன்புகூடத் தவறவிடாத மனுஷன். காய்ச்சலில் விழுந்து கிடந்தபோதும் விடவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார்.

"வாயக் காட்டுங்க," என்றாள் ஷஹ்மா.

காட்டினார்.

அதற்குப் பிறகுதான் அவள் உம்மாவின் கையிலிருந்து குளிசை இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரோடு விழுங்கினாள். பஸ்லினா அந்தப் பக்கம் திரும்பி நின்று விம்மலை அடக்கினாள்.

ஹாஜியார் முகக்கவசத்தை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"ஃபாஸில், உப்புக் காணாது. நாளைக்கு எனக்கும் சேத்துக் கொண்டு வா. பிறை தெரியிற வரைக்கும் எனக்குப் பகல் சோறு இங்கதான்."